சான்று யார் கையில்?

திருவான்மியூருக்கு ஒரு புராணம் உண்டு. இராமாயணம் பாடிய வான்மீகி முனிவர் இவ்வூருக்கு வந்து வழிபட்டாராம். ஊரின் பெயரே அதனால் வந்ததாம். கிழக்குக் கடற்கரைச் சாலையின் நடுவிலேயே அவருக்கு ஒரு சிறு கோயில் நிற்கிறது. பேருந்தும் சரக்கு வண்டியும் அதற்கு ஒதுங்கி வழிவிட்டுப் போகின்றன. கடற்கரையை ஒட்டிய குடியிருப்புக்கு வால்மீகி நகர் என்றே பெயர். முனிவர் எந்த ஆண்டில் வந்தார், எத்தனை நாள் தங்கினார், உடன் வந்தவர் யார், அதைப் பதிந்து கையொப்பமிட்ட அதிகாரி யார் என்று எந்த அலுவலகமும் இன்றுவரை கேட்டதில்லை. நம்பிக்கை! அதற்குச் சான்று வேண்டாம், சாட்சி வேண்டாம், முத்திரையும் வேண்டாம்.

அதே ஊரில் ஒரு முதியவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், ஏட்டில் இடம்பெறாதவர்களைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம். 1960களின் இறுதியில், மீசை அரும்பிய வயதில், பட்டாளத்துக்குப் போனவர். 1971 டிசம்பரில் கிழக்கு முனையில் இருந்தவர். சில ஆண்டுகளுக்குப் பின் ஓய்வூதியம் இல்லாமல் வெளியே வந்து, காவலாளி வேலையோ கடை வேலையோ பார்த்துப் பிள்ளைகளைக் கரை சேர்த்தவர். இன்று வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஒருநாள் தம் டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் புரட்டுகிறார். 1971 போரில் கிழக்குப் பகுதியில் பணியாற்றியவர்க்கு உரியது 'பூர்வி ஸ்டார்'. அப்போது படையில் இருந்தவர்க்குப் பொதுவாக உரியது 'சங்கிராம் மெடல்'. இரண்டும் அவர் புத்தகத்தில் இல்லை. "ஐயா, விட்டுப்போனதைச் சேர்த்துக் கொடுங்கள்" என்று எழுதுகிறார். மதராஸ் ரெஜிமெண்ட் ஆனால் குன்னூரை அடுத்த வெலிங்டனுக்கு. பொறியாளர் படை ஆனால் பெங்களூருக்கு. மறுமொழி வருகிறது: "சான்று அனுப்புக."

முனிவருக்கு வேண்டாத சான்று, சிப்பாய்க்கு வேண்டும்! சரி, வேண்டட்டும். பகுத்தறிவாளர்களாகிய நாம் சான்று கேட்பதைக் குறை கூறலாமா? கூறமாட்டோம். நம் கேள்வி வேறு. அந்தச் சான்று யார் கையில் இருந்தது? அது இன்று இல்லையென்றால், இல்லாமற்போனதன் விலையை யார் கொடுப்பது?

பட்டாளத்து ஏட்டுமுறை எப்படிப்பட்டது என்பதை முதலில் காண்போம். ஒரு சிப்பாயின் வாழ்வில் நடந்த எதுவாயினும், திருமணமோ, பிள்ளைப்பேறோ, பயிற்சியோ, இடமாற்றமோ, பதக்க உரிமையோ, 'பார்ட் டூ ஆர்டர்' என்னும் ஆணைத்தாளில் வெளியானால்தான் நடந்ததாகக் கருதப்படும். அந்தத் தாளைப் பார்த்து ரெக்கார்டு அலுவலகத்தில் அவன் 'ஷீட் ரோல்' என்னும் பணிப்பதிவில் ஏற்றுவார்கள். களத்தில் குண்டு விழுந்துகொண்டிருக்கிறது. படை ஆற்றைக் கடந்துகொண்டிருக்கிறது. எழுத்தர் ஓரிடம், ஏடு ஓரிடம், ஆள் ஓரிடம். ஒரு தாள் தவறினால் போதும், ஒரு மனிதனின் ஓர் ஆண்டு தவறிவிடும். அதிலும் நம் தமிழ்ப் பெயர் படும் பாடு தனிக்கதை. நாம் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே வைத்து எழுதுவோம். படிவமோ குடும்பப் பெயர் எங்கே என்று கேட்கும். முன்னெழுத்து பின்னால் போகும், தந்தை பெயர் மகன் பெயராகும், ழகரம் லகரமாகும். ஒரே ஆள் இரண்டு ஏட்டில் இரண்டு ஆளாவான்.

எழுத்தர் தவறினார், மன்னிப்போம். களம் குழப்பமானது, ஒப்புவோம். அடுத்து வருவதை எப்படி ஒப்புவது? ஓய்வூதியம் பெறாமல் விலகிய சிப்பாயின் பணி ஏடுகளை 25 ஆண்டு வைத்திருந்து, பிறகு அழித்துவிடலாம் என்பது படையின் ஒழுங்குமுறை. 'லாங் ரோல்' என்னும் பெரும் பேரேட்டின் சில வரிகள்தான் மிஞ்சும். நீதிமன்றத்தில் அந்த வழக்கங்கள் வரும்போதெல்லாம் அரசுத் தரப்பு சொல்லும் விடை இதுதான். நாம் அதை ஓர் உரையாடலாகவே எழுதிப் பார்க்கிறோம்.

"சான்று எங்கே?"

"உங்களிடந்தானே இருந்தது?"

"அழிக்கப்பட்டுவிட்டது."

"அழித்தது யார்?"

"விதி."

பொருத்தமான சொல் வாய்த்துவிட்டது நம் மொழியில்! ஒழுங்குமுறைக்கும் விதி என்றே பெயர். தலையெழுத்துக்கும் விதி என்றே பெயர். தலைவிதியை நம்பாதே என்று ஊர் ஊராகப் பேசுகிறோம். அலுவலகத்து விதி வந்து நிற்கும்போது மட்டும் கைகட்டி வாய்பொத்தி "அப்படியா, சரி" என்று திரும்பிவிடுகிறோம்.

இங்கே நம் இளைஞர்களில் சிலர் ஒரு கேள்வி கேட்பார்கள். கேட்கவேண்டும். "பதக்கம் என்பது என்ன? நாடாவில் தொங்கும் ஓர் உலோகத் துண்டு. திருநீறும் தாயத்தும் வேண்டாம் என்ற நாம், இந்தத் தாயத்துக்காக ஏன் வாதாடவேண்டும்? அதுவும் போரின் சின்னத்துக்காக?"

போரை நாம் போற்றவில்லை. வேலூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்தும் இராமநாதபுரத்துக் கரிசலிலிருந்தும் இளைஞன் பட்டாளத்துக்குப் போனது பகைவனைக் கொல்லும் வேட்கையால் அன்று. மழை பொய்த்தது, நிலம் இல்லை, வீட்டில் தங்கை இருந்தாள். போர் தொடுப்பது என்று முடிவு செய்தவன் அவன் அல்லன். போரை வெறுப்பவர்கள் முதலில் கணக்குக் கேட்கவேண்டியது முடிவு செய்தவரிடம், சிப்பாயிடம் அன்று. அவனைப் பயன்படுத்திக்கொண்டு, "நீ இருந்ததாகவே தெரியவில்லையே" என்று சொல்வது போர் எதிர்ப்பு ஆகாது.

இனி, அது வெறும் உலோகத் துண்டா என்று பார்ப்போம். முதல் உலகப்போர் முடிந்தபின் பிரிட்டிஷ் அரசு ஒரு போர்ப் பதக்கம் வார்த்தது. படையினர்க்கு வெள்ளியில் வார்த்தார்கள். ஏறத்தாழ 65 இலட்சம். அதே பதக்கம், அதே மன்னன் தலை, அதே குதிரைவீரன். ஆனால் ஏறத்தாழ 1,10,000 பதக்கங்கள் மட்டும் வெண்கலத்தில். அவை யாருக்கு? சீனர், மால்ட்டாக்காரர், இந்தியர் ஆகியோரின் தொழிலாளர் படைகளுக்கு. அகழி தோண்டியவனும் பிணம் சுமந்தவனும் அதே குண்டுக்கு நடுவில்தான் நின்றான். அவனுக்கு வெண்கலம்! பிரான்சுக்குப் போன தென்னாப்பிரிக்கக் கறுப்பினத் தொழிலாளர் படைக்கு அந்நாட்டு அரசு அந்த வெண்கலத்தையும் கொடுக்க மறுத்தது. உலோகத்துக்குள் வருணம் புகுந்த கதை இது. அது வெறும் உலோகத் துண்டுதான் என்றால், அளந்து அளந்து, ஆளுக்கேற்றபடி தரம் பிரித்தது ஏன்? கொடுப்பவனுக்கு அதன் பொருள் நன்றாகத் தெரிந்திருக்கிறது. பெறாதவன்தான் அதைத் துச்சமாக எண்ணவேண்டுமாம்!

மராட்டியத்திலிருந்து இன்னொன்று சொல்கிறோம். 1818 ஜனவரி 1 அன்று பீமா ஆற்றங்கரையில், கோரேகாவில், பேஷ்வாவின் பெரும்படையைக் கும்பெனிப் படையின் ஒரு சிறு பிரிவு எதிர்த்து நின்றது. பின்னர் அங்கே ஒரு தூண் எழுப்பி, இறந்தவர் பெயர்களைப் பொறித்தார்கள். அவற்றில் 'நாக்' என்று முடியும் பெயர்கள் பல. அவை மகர்களின் பெயர்கள். ஊருக்குள் நிழல் படக்கூடாது என்று ஒதுக்கப்பட்டவர்களின் பெயர்கள். ஆண்டுகள் கடந்தன. 'போர்க்குடிகள்', 'போர்க்குடி அல்லாதவர்கள்' என்று மக்களைப் பிரிக்கும் புதுச் சாத்திரத்தை வெள்ளை அதிகாரிகள் எழுதினார்கள். 1890களில் மகர்களுக்குப் படைக்கதவு மூடப்பட்டது. பட்டாளத்தில் இருந்து விலகிய மகர் வீரரான கோபால் பாபா வலங்கர், 1894-இல் அதை எதிர்த்து ஒரு விண்ணப்பம் எழுதினார். "எங்கள் முன்னோர் உங்கள் படையில் பணி செய்தவர்கள், ஏட்டைத் திருத்துங்கள்" என்பதே அதன் சாரம். முன்னாள் படைவீரர் ஒருவர் பதிவைத் திருத்தக் கேட்ட கதை நேற்று முளைத்ததன்று என்பதற்காகவே இதைச் சொல்கிறோம். 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அந்தத் தூணின் முன் வந்து நின்றார். சாத்திரம் "நீ போர்க்குடி அல்லன்" என்றது. கல் "இருந்தான், இறந்தான், இதோ பெயர்" என்றது. பெயர் பொறிக்கப்படாமல் போயிருந்தால் என்ன காட்டியிருப்பார்கள்?

நம் கதை மட்டும் என்ன வாழ்கிறது? 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்குத் தலைமை தாங்கிய ராபர்ட்ஸ் என்னும் தளபதி, தென்னாட்டுச் சிப்பாய்க்குப் போர்க்குணம் வற்றிவிட்டது என்று எழுதினார். அவர் எழுதியது ஏடாயிற்று, ஏடு கொள்கையாயிற்று, மதராஸ் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன, 1920களில் மதராஸ் காலாட்படை ரெஜிமெண்டே கலைக்கப்பட்டது. பிறகு இரண்டாம் உலகப்போர் வந்தது. ஆள் வேண்டும். 1941-42இல் அதே ரெஜிமெண்டு மீண்டும் எழுப்பப்பட்டது! வற்றிய போர்க்குணம் எங்கிருந்து ஊறிற்றோ, நாம் அறியோம். ஒருவன் பெயர் விட்டுப்போவது எழுத்துப்பிழை. ஓர் இனத்தின் பெயரே விட்டுப்போவதும் அதே பேனாவின் வேலைதான்.

தமிழன் இதில் எப்படி நடந்துகொண்டான் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. வீழ்ந்தவனுக்குக் கல் நடுவதைத் தொல்காப்பியம் துறைதுறையாகப் பகுத்துச் சொல்கிறது: கல்லைத் தேடிக் காணல், கொணரல், நீராட்டல், நடுதல், சிறப்புச் செய்தல், வாழ்த்தல். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுக்கப்பட்ட நடுகற்கள் தமிழி எழுத்தில் உள்ளவை. கிறிஸ்து பிறப்பதற்கு முந்தையவை. கூடலூரில் ஆநிரை கவர்ந்த பூசலில் மாண்ட அந்தவன் என்பவனின் பெயர் அவற்றில் ஒன்றில் இருக்கிறது. ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு மாட்டுச் சண்டை. அதில் செத்தவன் பெயர் நமக்குத் தெரிகிறது! திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டுக் கல் ஒன்று. எருமைகளைக் காத்து மாண்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்கு நட்டது. அவனருகே ஒரு நாயின் உருவம். இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற நாய் என்று அதன் செயலையும், கோவிவன் என்று அதன் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்கள். நாய்க்கும் பெயர் உண்டு. நாய் செய்த பணிக்கும் பதிவு உண்டு.

இந்தக் கல்லைப் பார்த்த கண்ணோடு, ஈராக்கில் உள்ள பஸ்ரா நினைவுச் சின்னத்தைப் பாருங்கள். முதல் உலகப்போரில் மெசபொத்தேமியாவில் மாண்ட, கல்லறை அறியப்படாத 40,000-க்கு மேற்பட்டோர்க்காக எழுப்பியது. பிரிட்டிஷ் வீரர் ஒவ்வொருவர்க்கும் பெயர் உண்டு. இந்தியப் படையில் அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு? ரெஜிமெண்டின் பெயருக்குக் கீழே, "மற்றும் இத்தனை இந்தியப் படைவீரர்" என்று ஓர் எண்ணிக்கை! பல்லவர் காலத்து ஊரார் ஒரு நாய்க்குச் செய்ததை, உலகத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை ஆண்ட பேரரசு தனக்காகச் செத்த மனிதனுக்குச் செய்யவில்லை. பெயரில்லாமற்போனது தற்செயலும் அன்று. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021-இல் தன் பழைய ஏடுகளைக் கிளறி ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் முதலானோரில் 45,000 முதல் 54,000 பேர் சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டனர். குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரையிலும், பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவேயில்லை. அதற்குப் பின்னால் இனப்பாகுபாட்டு எண்ணம் இருந்தது என்று ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது. நூறாண்டு கழித்து! இருப்பினும், காத்தவனே தன் ஏட்டைச் சோதித்தான் என்பதற்காக அந்த ஒரு செயலை நாம் பாராட்டுகிறோம்.

இனிக் கடினமான இடத்துக்கு வருவோம். நம் தோழர்களே நம்மை மடக்குவார்கள்: "நீங்கள் பேசுவதைக் கேட்டால் உருக்கமாக இருக்கிறது. ஆனால் ஒருவர் 'நான் இருந்தேன்' என்று சொன்னால், சொன்னதற்காக ஏற்றுக்கொள்வதா? பிறகு 'நான் கடவுளைக் கண்டேன்' என்பவனுக்கு என்ன விடை சொல்வீர்கள்?"

நல்ல கேள்வி. பொய்யர்கள் உண்டு என்பதையும் மறைக்கமாட்டோம். மராட்டியத்தின் பீட் மாவட்டத்தில் விடுதலைப் போராட்டத் தியாகிகள் என்று ஓய்வூதியம் வாங்கியவர்களில் பலர் போலிகள் என்ற புகார் எழுந்து, நீதிபதி ஒருவரின் தலைமையில் விசாரணையே நடந்தது. சொன்னதையெல்லாம் நம்பு என்று நாம் சொல்லவில்லை. ஏட்டை நம்பாதே என்றும் சொல்லவில்லை. ஏடு ஒரு சான்று. அது உண்மையே ஆகிவிடாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மறந்தவன், கையில் கோப்பு வைத்திருந்தாலும், புராணிகனின் தம்பிதான்.

"எழுதியிருக்கிறது, ஆகவே உண்மை" என்றான் பழைய பண்டிதன்; அவனிடம் நாம் கேட்டோம்: எழுதியவன் யார்? எப்போது? யாருக்கு நன்மையாக? அந்தக் கேள்விகள் ஓலைச்சுவடியோடு நின்றுவிடுமா? "எழுதவில்லை, ஆகவே நடக்கவில்லை" என்கிற புதிய பண்டிதனிடமும் அவற்றைக் கேட்கவேண்டாமா? எமன் அவையில் சித்திரகுப்தன் கணக்கு எழுதுகிறான், அதில் பிழையே நேராது என்று ஒரு கதை உண்டு. காஞ்சியில் அவனுக்குக் கோயிலும் உண்டு. கதையைக் கேட்டுச் சிரிக்கிறோம். பிழையே செய்யாத எழுத்தன் ஒருவன் மேலுலகத்தில் இருக்கிறான் என்பது மூடநம்பிக்கையானால், அவன் வெலிங்டனில் இருக்கிறான் என்பது மட்டும் அறிவியலா?

கடவுளைக் கண்டேன் என்பவனுக்கும் களத்தில் இருந்தேன் என்பவனுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். முன்னவன் சொல்வதைச் சோதிக்க வழியே இல்லை. பின்னவன் சொல்வதைச் சோதிக்க நூறு வழி உண்டு. அவன் படைப்பிரிவு அந்த மாதத்தில் எங்கே இருந்தது என்று அப்பிரிவின் போர் நாட்குறிப்பு சொல்லும். சம்பளப் பட்டியல் சொல்லும். மருத்துவமனைப் பதிவு சொல்லும். உடன் இருந்தவன் சொல்வான். இவ்வளவையும் தேடிப் பார்க்கக்கூடிய கை யாருடையது? திருவான்மியூர்க் கிழவருடையதா, அரசுடையதா? தேடக்கூடியவன் தேடாமல், தேடமுடியாதவனைப் பார்த்து "கொண்டுவா" என்பது பகுத்தறிவாகுமா? பகுத்தறிவின் சட்டையைத் திருடிப் போட்டுக்கொண்ட சோம்பல் அது.

1973 ஜூலை 12 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் படையினரின் பதிவகம் தீப்பற்றிற்று. 1 கோடியே 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் சாம்பலாயின. அவற்றுக்கு நகல் இல்லை. 1912-க்கும் 1960-க்கும் இடையில் தரைப்படையிலிருந்து விலகியோர் பதிவுகளில் ஐந்தில் நான்கு பங்கு போயிற்று. அதன்பின் வந்த வழக்குகளில் அந்நாட்டு நீதிமன்றங்கள் வகுத்த நெறி நேர்மையானது. அரசின் காவலில் இருந்தபோது ஏடு அழிந்ததென்றால், கோரி வருபவனின் விண்ணப்பத்தை வழக்கத்தைவிடக் கூடுதல் கவனத்தோடு ஆராயும் கடமை அரசுக்கு உண்டு என்றார்கள். சம்பளத் தாள்களையும் அன்றாட அறிக்கைகளையும் கொண்டு எரிந்த பதிவுகளை மீண்டும் கட்டும் பணி அங்கே நடந்தது. நெருப்பு செய்ததற்கே அங்கு அரசு கடன்பட்டது. இங்கே விதி செய்ததற்கு யாரும் கடன்படவில்லை.

நம் நாட்டிலும் நல்ல வெளிச்சம் வராமல் இல்லை. உச்சநீதிமன்றம் 2001-இல் குர்தயாள் சிங் வழக்கில், தியாகிகள் ஓய்வூதியம் கேட்டு வருபவரிடம் குற்ற வழக்கில் கேட்பது போன்ற கடுமையான மெய்ப்பிப்பைக் கேட்கக்கூடாது என்றது. 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் இன்னும் தெளிவு: படையில் சேரும்போது ஒருவனுக்கு நோய் இருந்ததாக ஏட்டில் குறிப்பு இல்லையென்றால், அவன் நலமாகவே சேர்ந்தான் என்று கொள்ளவேண்டும், மாறாகச் சொல்கிற அரசுதான் அதை மெய்ப்பிக்கவேண்டும். ஏட்டின் மௌனம் எளியவன் பக்கம் பேசவேண்டும் என்பதே இதன் கருத்து. அது ஊனமுற்றோர் ஓய்வூதிய வழக்கு, பதக்க வழக்கன்று. ஆனால் நெறி ஒன்றுதான் என்பது நம் துணிபு.

தியாகிகள் ஓய்வூதியம் என்றதும் ஒரு வேடிக்கை நினைவுக்கு வருகிறது. 1972-இல் தொடங்கிய அத்திட்டத்தில் சிறைச்சான்று வேண்டும். சிறையில் ஏடு இல்லையென்றால் உடன் சிறையிருந்தவரின் சான்று செல்லும். ஆனால் அதனோடு 'ஏடு கிடைக்கவில்லை' என்பதற்கும் அரசிடமிருந்து ஒரு சான்றிதழ் வாங்கிவரவேண்டும். இல்லாததற்கும் ஓர் ஏடு! மலேயாத் தோட்டங்களில் பால்வெட்டிக்கொண்டிருந்த எத்தனை தமிழர் நேதாஜியின் படையில் சேர்ந்தார்கள்! சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற கேப்டன் லட்சுமி 1943-இல் தலைமையேற்ற ஜான்சி ராணிப் படையில் எத்தனை தமிழ்ப் பெண்கள் துப்பாக்கி ஏந்தினார்கள்! தோற்ற படை தன் ஏடுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டா திரும்பும்? வென்றவனின் சிறையேட்டில் பெயர் இருந்தவன் தியாகி. அகப்படாமல் காட்டு வழியே நடந்து தோட்டத்துக்கே திரும்பியவன், வெறும் கூலி.

ஏடு செய்யும் கொடுமைக்கு உலகம் அறிந்த சான்று ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறோம். ஹென்றி ஜான்சன் என்னும் கறுப்பின இளைஞர். அமெரிக்காவின் ஆல்பனி நகர் இரயில் நிலையத்தில் மூட்டை தூக்கியவர். முதல் உலகப்போரில் 369-ஆம் காலாட்படையில் சேர்ந்தார். வெள்ளையரோடு தோள் சேர்ந்து போரிட அவரை விடவில்லை. அந்த ரெஜிமெண்டையே பிரெஞ்சுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டார்கள். 1918 மே மாதத்தில் ஓர் இரவு, ஆர்கான் காட்டோரம் காவல் நின்றபோது ஜெர்மன் குழு ஒன்று பாய்ந்தது. குண்டு தீர்ந்தபின் துப்பாக்கிக் கட்டையால் அடித்தார். கட்டை உடைந்தபின் கத்தியால் போரிட்டார். காயமுற்ற தோழனைப் பகைவர் இழுத்துச் செல்லாமல் காத்தார். உடலில் 21 காயங்கள். பிரான்சு தன் உயர்ந்த வீர விருதுகளில் ஒன்றை அவருக்கு அளித்தது. தாய்நாடு? படையிலிருந்து விலகியபோது கொடுத்த ஏட்டில் காயம் என்ற பேச்சே இல்லை! 21 காயமும் உடம்பில் இருந்தன, ஏட்டில் இல்லை. அந்த இரவுக்காக அவர் நாடு அவர் வாழ்நாளில் ஒரு பதக்கமும் தரவில்லை. 1929-இல் இறந்தார்.

பிறகு 1996-இல் ஒரு பதக்கம், 2002-இல் இன்னொன்று, 2015 ஜூன் 2 அன்று நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம். வாங்கிக்கொள்ள உறவினர் யாரும் அகப்படவில்லை. பல ஆண்டு அவருக்காகப் போராடிய குடும்பம் குருதி உறவு அன்று என்று ஆவணங்கள் காட்டின. கடைசியில் படைக்காவலர் ஒருவர் அவர் சார்பில் பெற்றுக்கொண்டார். பெயரில்லாத ஏழைக் கல்லறையில் கிடக்கிறார் என்றே ஊரார் எண்ணியிருந்தார்கள். தேடியபோது ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில், உரிய மதிப்போடு அடக்கம் செய்யப்பட்டிருப்பது தெரிந்தது. கவனியுங்கள்: ஏடு மறைத்ததையும் தேடல்தான் கண்டது, ஊர் நம்பிய தவறான கதைகளையும் தேடல்தான் கலைத்தது. ஏட்டுக்கு எதிராக உணர்ச்சியை நிறுத்துவது நம் வேலையன்று என்பதற்காகவே இவ்வளவும் சொன்னோம். 97 ஆண்டு தேடியிருக்கவேண்டாம். 1919-இல் ஒரு மருத்துவர் சட்டையைக் கழற்றிப் பார்த்திருந்தால் போதும்.

இங்கே, 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆயுதப்படைத் தீர்ப்பாயம் 2009 முதல் இயங்குகிறது. சென்னையிலும் ஓர் அமர்வு உண்டு. கார்கில் போரில் பட்டாலிக் பகுதியில் ஒரு படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கிய பிரிகேடியர் தேவிந்தர் சிங், மேலதிகாரியின் அறிக்கை தம் பங்கைத் திரித்துவிட்டது என்று அத்தீர்ப்பாயத்தை நாடினார். 2010 மே மாதத்தில் அது அவர் பக்கம் நின்று, போர் வரலாற்று ஏட்டையே திருத்தச் சொன்னது. மகிழ்ச்சி. ஆனால் பிரிகேடியருக்குச் சட்டம் தெரியும், வழக்கறிஞரைத் தெரியும், போர்த்திட்டத் தாள்களே கையில் உண்டு. அவருக்கே பதினோராண்டு! சிப்பாய்க்கு? முடிவான ஆணை கிடைத்த 6 மாதத்துக்குள் வரவேண்டும் என்கிறது அச்சட்டம். தாமதத்தைப் பொறுக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு என்பது அந்த முதியவருக்கு யார் சொல்லி எப்போது தெரியப்போகிறது? பணியிலிருக்கும் வீரர்க்கே பதக்கம் காலத்தில் வந்து சேராமல், அவர்கள் கடையில் நகல் வாங்கிக் குத்திக்கொண்டு அணிவகுப்பில் நின்ற நாடு இது. விலகிப்போனவன் கடிதத்துக்கு என்ன அவசரம் என்று கோப்பு உறங்குகிறது.

திருவான்மியூர் மருந்தீசர் கோயில் சுவரில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உண்டு. அக்காலக் கோயில்களில் ஒரு விளக்கு எரிய ஆடு கொடுத்தவன் பெயரும், ஆட்டின் எண்ணிக்கையும், அதைப் பெற்றுக்கொண்டவர் பெயரும் கல்லில் இருக்கும். கொடுத்தவனுக்கு நினைவு வைத்தார்கள்; அதில் பிழையில்லை. உயிரைப் பணயம் வைத்தவனும் கொடுத்தவன்தானே?

1971-இல் இருபது வயதிலிருந்தவர்கள் எழுபதைக் கடந்துவிட்டார்கள். உடன் நின்றவர்கள் ஒவ்வொருவராக மறைகிறார்கள். ஒவ்வொரு சாவிலும் ஒரு சாட்சி எரிகிறது. படிப்பகம் நடத்தும் தோழர்களிடம் நாம் கேட்பது இவ்வளவே. உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள்: படை எண், பிரிவு, சேர்ந்த நாள், விலகிய நாள், எந்த மாதம் எந்த ஊரில், உடன் இருந்தவர் பெயரும் ஊரும். ரெக்கார்டு அலுவலகத்துக்கு ஒரு படி, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒரு படி. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு மனு: என் ஏடு அழிக்கப்பட்டதா, எந்த நாளில், எந்த ஆணைப்படி, கையொப்பமிட்டவர் யார்? அஞ்சலகத்தில் ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீர்கள். அடுத்த முறை சான்று கேட்கும்போது காட்டவேண்டியிருக்கும்.